தேர்க்காலும் தொலைபேசியும்: யாழ்ப்பாண வீதிகளிற் கவனத்தின் வரலாறு

வீதியிலே நிகழ்ந்த ஓர் உயிரிழப்புக்கு யார் பொறுப்பு என்னும் வினாவைத் தமிழ் மரபு மிகப் பழங்காலத்திலேயே எழுப்பியிருக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தின் திருநகரச் சிறப்பிலே கூறப்படும் மனுநீதிச் சோழன் கதை அதுவாகும். அரசிளங்குமரன் தேரேறித் திருவாரூர் வீதியிற் செல்கின்றான். எவரும் காணாத வகையிற் பசுங்கன்று ஒன்று இடையிற் புகுந்து தேர்க்காலில் அகப்பட்டு இறக்கின்றது. தாய்ப்பசு அரண்மனை வாயிலிற் கட்டப்பட்டிருந்த ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. அமைச்சர் கழுவாய் ஒன்றை எடுத்துக் கூறியும் அதனை ஏற்க மறுத்த மன்னன், தன் மகனைத் தானே தேர்க்காலில் இடுகின்றான்.

இதே நிகழ்ச்சி, இலங்கையின் பாளி வரலாற்று நூலாகிய மகாவம்சத்திலும் இடம்பெறுவது மனங்கொள்ளத்தக்கது. அநுராதபுரத்திலிருந்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் ஆட்சி புரிந்தவனாக அந்நூல் கூறும் எல்லாளன், தன் படுக்கையின் தலைமாட்டிலே நீண்ட கயிற்றுடன் கூடிய மணியொன்றைக் கட்டியிருந்தான். அவனுடைய மகன் திசவாவிக்குத் தேரிற் சென்றபோது, தாய்ப்பசுவுடன் வழியிற் படுத்திருந்த கன்று சக்கரத்திற் சிக்கி இறந்தது. மணியொலி கேட்ட மன்னன், அதே சக்கரத்தாலே மகனுக்குத் தண்டனை விதித்தான். தன் இனத்தவனல்லாத மன்னனொருவனின் நீதியைப் போற்ற மகாவம்ச ஆசிரியர் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சிகளுள் இது முதன்மையானது.

இவ்விரு கதைகளிலும் ஒரு செய்தி பொதுவாக அமைந்துள்ளது. இளவரசன் கன்றைக் கொல்ல எண்ணவில்லை. அவன் அதனைக் காணவில்லை. 'காணவில்லை' என்பது குற்றத்தை நீக்கும் விடையாகுமா என்பதே வழக்கின் சாரம். சக்கரத்தைச் செலுத்துபவனுக்குக் காண்பதும் ஒரு கடமை என்பதே இரு மரபுகளும் தந்த தீர்ப்பு. தண்டனையின் கடுமையை இக்காலத்தவர் ஏற்கமாட்டார். ஆயினும் அத்தீர்ப்பிற் பொதிந்துள்ள கருத்து இன்று முன்னெப்போதையும்விடக் கூர்மை பெற்றுள்ளது. உள்ளங்கையில் அடங்கும் தொலைபேசியொன்று, கண் திறந்திருக்கும் சாரதியைக் காணாதவனாக்கும் ஆற்றல் பெற்றிருப்பதே அதற்குக் காரணமாகும். அக்கருவி யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளுக்கு வந்து சேர்ந்த வரலாறும், அங்கு அது விளைவிக்கும் ஆபத்தின் தனித்தன்மையும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

வண்டிலும் மோட்டார் வண்டியும்

மாட்டுவண்டில் ஓடிய காலத்தில் வண்டிற்காரனின் கண்கள் மட்டும் வழியைப் பார்த்திருக்கவில்லை. மாடும் பார்த்தது. சந்தையிலிருந்து இரவில் மீளும் வண்டிற்காரன் கண்ணயர்ந்துவிட்டாலும், பழகிய மாடு வீட்டுப் படலைவரை வண்டிலைக் கொண்டு சேர்த்துவிடும். எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கும். பள்ளம் கண்டால் தயங்கும். மோட்டார் வண்டி இந்த இரண்டாவது சோடிக் கண்களை அகற்றியது. வண்டியின் வேகம் பெருகியபோது, அதனை நெறிப்படுத்தும் பொறுப்பு முழுவதும் ஒரே மனிதனின் கவனத்தின்மேற் சுமத்தப்பட்டது. 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் லண்டனிலுள்ள கிறிஸ்ரல் பலஸ் வளாகத்திற் பிறிஜெற் டிறிஸ்கொல் என்னும் பெண் மோட்டார் வண்டி மோதி இறந்தபோது, அவ்வண்டி ஏறத்தாழ மனிதர் விரைந்து நடக்கும் வேகத்திலேயே வந்தது. பிரித்தானியாவில் மோட்டார் வண்டியால் மாண்ட முதற் பாதசாரி அவரே. ஆபத்தின் ஊற்று வேகம் மாத்திரமன்று என்பதை அந்த முதல் மரணமே உணர்த்தியது.

யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிற் புகையிரதப் பாதை 1905இல் நிறைவெய்தியது. மோட்டார் வண்டிகளும் சிறிது சிறிதாகப் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் குடாநாட்டின் தனி அடையாளமாக விளங்கிய வாகனம் தட்டிவான் ஆகும். மரத்தாலான உடலும் திறந்த பக்கங்களும் கொண்ட அவ்வாகனத்திலே மனிதர், மரக்கறி, மீன் கூடை, புகையிலைச் சிப்பம் யாவும் ஒருங்கே பயணஞ் செய்தன. 1958 சனவரி முதலாம் நாளில் இலங்கையின் பேருந்துச் சேவைகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றிய பின்னரும் தட்டிவான் உடனடியாக மறைந்துவிடவில்லை.

குடாநாட்டின் வீதியமைப்பு ஒன்றும் இங்குக் கருதற்பாலது. யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி, காங்கேசன்துறை, பலாலி, பருத்தித்துறை, மானிப்பாய் ஆகிய திசைகளை நோக்கிப் பெருவீதிகள் விரிகின்றன. இவற்றிடையே எண்ணற்ற ஒழுங்கைகள் பின்னிக் கிடக்கின்றன. கிடுகு வேலியும் பனையோலை வேலியும் உயர்ந்து நின்ற அவ்வொழுங்கைகள் பெருவீதியிற் சேரும் முடக்குகளில், ஒருவர் வெளிப்படும் கணம்வரை அவரைக் காண இயலாது. பின்னாளில் வேலிகள் மதில்களாயின. மறைவு மட்டும் மாறவில்லை. இத்தகைய நிலத்தில் வண்டியோட்டுதல் என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு எதிர்வினை செய்வதாக மாத்திரம் அமையாது. தெரியாததையும் எதிர்பார்த்திருப்பதாகும். மணியை அடிப்பதும், முடக்கில் வேகந் தணிப்பதும், வேலிக்கு அப்பாற் கேட்கும் சிறுவர் குரலைக் கவனிப்பதும் இந்நிலத்துச் சாரதிகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற பழக்கங்கள்.

வண்டிக்குட் புகுந்த குரல்

ஓட்டுபவனின் செவிக்குள் வெளியுலகக் குரலைக் கொண்டுவரும் முயற்சி மோட்டார் வண்டியின் இளமைக் காலத்திலேயே தொடங்கியது. 1930இல் அமெரிக்காவில் மோட்டோறோலா என்னும் பெயருடன் வண்டி வானொலி சந்தைக்கு வந்தபோதே, அது சாரதியின் கவனத்தைச் சிதைக்கும் என்ற அச்சமும் எழுந்தது. சில இடங்களில் அதனைத் தடை செய்யும் யோசனைகளும் முன்வைக்கப்பட்டன. வானொலி நிலைத்தது, அச்சம் பெரும்பாலும் மறைந்தது. வானொலி பேசுமேயன்றி விடையை எதிர்பார்ப்பதில்லை. கேட்பவன் வேண்டும்போது அதனைக் கேளாதிருக்கலாம். தொலைபேசியின் இயல்பு வேறு.

1946ஆம் ஆண்டு யூன் 17ஆம் நாள் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் வண்டித் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அதன் கருவிகள் ஏறத்தாழ 36 கிலோகிராம் எடையுள்ளவை. செல்வர்க்கும் நிறுவனங்களுக்குமே அது எட்டியது. 1973 ஏப்பிரல் 3ஆம் நாள் நியூயோர்க் வீதியிலே நின்றபடி மார்ட்டின் கூப்பர் கையிலேந்தும் தொலைபேசியால் முதல் அழைப்பை மேற்கொண்டார். 1979இல் தோக்கியோவிலும் 1983இற் சிக்காகோவிலும் செல்லிடத் தொலைபேசி வணிகச் சேவையாயிற்று. தெற்காசியாவில் இச்சேவையை முதலிற் பெற்ற நாடு இலங்கை என்பது பலர் அறியாத செய்தி. செல்ரெல் நிறுவனம் 1989இற் கொழும்பில் அதனைத் தொடங்கியது. 1995இல் எண்முறைச் சேவையும் வந்தது. இதற்கிடையில், 1992 திசம்பரில் இங்கிலாந்தில் முதலாவது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. செவியை மட்டும் கோரிய கருவி கண்ணையும் விரலையும் கோரத் தொடங்கியமைக்கு அந்நாளே தொடக்கம் எனலாம்.

மேற்கூறிய ஆண்டுகளை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மேலைநாடுகளில் மோட்டார் வண்டி பரவியதற்கும் கைத்தொலைபேசி பரவியதற்கும் இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்விடைவெளியில் வீதி விளக்கு, பாதசாரிக் கடவை, இருக்கைப் பட்டி, ஓட்டுநர் தேர்வு, மது அருந்தி ஓட்டுதற்கெதிரான சட்டம் ஆகிய காப்புக்கள் ஒவ்வொன்றாக உருவாகின. சமூகம் வேகத்துக்குப் பழகிய பின்னரே புதிய சிதறல் வந்தது. யாழ்ப்பாணத்தின் வரலாறு இவ்வாறு அமையவில்லை.

மெதுவும் மௌனமும்

1989இற் கொழும்பிலே செல்லிடத் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிய அடுத்த ஆண்டிற் குடாநாடு உலகிலிருந்து துண்டிக்கப்பட்டது. 1990 யூனிற் போர் மீண்டும் மூண்டதும் யாழ்தேவி நின்றது. 1956 முதல் கொழும்பையும் குடாநாட்டையும் இணைத்த அந்தப் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை அடைய இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளாயின. ஆனையிறவு வழியான பெருவீதி மூடப்பட்டபோது, மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தனர். மின்சாரமில்லை, தொலைபேசியில்லை, எரிபொருளுக்குத் தடை.

இத்தடையின்கீழ் யாழ்ப்பாணத்தவர் காட்டிய தொழில்நுட்பச் சாதுரியம் பரவலாக அறியப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகளின் காபுரேற்றரிற் சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். கரும்புகை கக்கிச் சென்ற அவ்வண்டிகளும் எண்ணிக்கையிற் சிலவே. உண்மையில் அக்கால யாழ்ப்பாணத்தின் வாகனம் துவிச்சக்கர வண்டியே. விறகு மூட்டை, அரிசி மூட்டை, நோயாளி, முதியவர், முழுக் குடும்பம் என யாவற்றையும் அது சுமந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நெருக்கியடித்துக் கடந்தபோதும் அவர்களின் உடைமைகளைத் தாங்கியது துவிச்சக்கர வண்டியே.

இவ்வாறு ஒரு தலைமுறை முழுவதும் மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்திலே வீதியைப் பயின்றது. அவ்வேகத்தில் இரு செக்கன் கவனப் பிசகு ஏறத்தாழ எட்டு மீற்றர்த் தூரமாகும். தவறு நேரினும் பெரும்பாலும் முழங்காற் சிராய்ப்போடு தீரும். துவிச்சக்கர வண்டியிற் பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்து கதைத்துச் செல்லும் வழக்கமும் அக்காலத்தது. கதைத்தவாறு ஓடுதல் ஆபத்து என்னும் எண்ணம் எழுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை.

மெதுவோடு மௌனமும் சேர்ந்திருந்தது. புலம்பெயர்ந்த பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகத் தாய்மார் கடல் கடந்தும் காவலரண் கடந்தும் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் சென்ற காலம் அது. கடிதம் வர மாதங்கள் சென்றன. செய்தி வராத நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பதை எவரும் அறியார். இவ்வாறு குரலுக்காகக் காத்திருந்த அனுபவம் யாழ்ப்பாணத்தவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. தொலைபேசி மணியை ஒலிக்கவிட்டுவிட்டுச் செல்லுதல் அவர்களுக்கு அரிதாயிருப்பதன் வேர் அங்கேதான் உள்ளது.

ஒருங்கே வந்த மூன்று

2002 பெப்ரவரியிற் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்துக் கண்டி வீதி திறக்கப்பட்டது. செல்லிடத் தொலைபேசியும் குடாநாட்டில் ஒலிக்கலாயிற்று. 2006 ஓகஸ்டிற் போர் மீண்டபோது வீதி மீண்டும் மூடப்பட்டது. தொலைபேசிச் சேவையும் துண்டிக்கப்பட்ட காலங்கள் உண்டு. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்ற பின்னர், அடக்கி வைக்கப்பட்டிருந்த அனைத்தும் வெள்ளம்போற் புகுந்தன.

அவற்றுள் மூன்று இங்குக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, வீதி. வெளிநாட்டுக் கடனுதவியுடன் கண்டி வீதியும் குடாநாட்டின் ஏனைய பெருவீதிகளும் அகலிக்கப்பட்டுக் 'காப்பெற்' வீதிகளாயின. 2011 சனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் மன்னார் வழியாகத் தெற்கே செல்லும் இரண்டாவது தரைவழியும் கிடைத்தது. இரண்டாவது, வாகனம். நிதி நிறுவனங்கள் குத்தகைக் கடன் வழங்க, மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டு முற்றத்தையும் அடைந்தது. இலங்கையிற் பதிவான மோட்டார் வாகனங்களில் அரைப்பங்குக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. மூன்றாவது, தொலைபேசி. 2010களில் இலங்கையின் கைத்தொலைபேசி இணைப்புக்களின் தொகை மக்கள்தொகையை விஞ்சியது; திறன்பேசியும் அதே பத்தாண்டிற் பரவியது.

ஏனைய நாடுகளில் எழுபது ஆண்டு இடைவெளியில் வந்தவை, யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில் ஒருங்கே வந்தன என்பதே இவ்வரலாற்றின் மையச் செய்தியாகும். துவிச்சக்கர வண்டியின் வேகத்திற் கண்ணையும் கையையும் பழக்கிய சமூகம், இடைப்படியேதுமின்றி மணிக்கு அறுபது கிலோமீற்றருக்குத் தாவியது. அவ்வேகத்தில் வாகனம் ஒரு செக்கனில் ஏறத்தாழ பதினேழு மீற்றர் செல்லும். முன்னர் எட்டு மீற்றராயிருந்த இரு செக்கன் பிசகு இப்போது முப்பத்துமூன்று மீற்றராயிற்று. முடக்குகளோ, ஒழுங்கைகளோ, வீதியோரத்து ஆடுமாடுகளோ மாறவில்லை. வீதி விரைந்தது, ஊர் பழைய ஊராகவே இருந்தது.

புகையிரதக் கடவைகள் இதற்கு இன்னுமொரு சான்று. இந்திய நிறுவனமாகிய இர்கொன் மீளமைத்த பாதையில் 2014 ஒக்ரோபர் 13ஆம் நாள் புகையிரதம் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறையை அடைந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிற் புகையிரதத்தையே காணாத தலைமுறையொன்று வளர்ந்திருந்தது. தண்டவாளம் கிடந்த இடம் அவர்களுக்கு ஒற்றையடிப் பாதை. காவலற்ற கடவையை அணுகும்போது நின்று, இருபுறமும் பார்த்து, செவிமடுத்துச் செல்லும் பழக்கத்தைத் தந்தையரிடமிருந்து மக்கள் பெறும் தொடர்ச்சி அறுந்துபோயிருந்தது. அத்தகைய கடவையைச் செவியிற் கேட்பொறி செருகியவாறு கடப்பவர், தமக்கு எஞ்சியிருந்த ஒரே எச்சரிக்கையையும் தாமே அடைத்துவிடுகின்றார்.

காணும் கண்ணும் காணாத மனமும்

கைத்தொலைபேசியின் ஆபத்து கையிலே உள்ளது என்பது பொதுவான எண்ணம். ஒரு கையால் ஓட்டுவதே தவறு. தலைக்கவசத்துக்குட் செருகிக்கொண்டோ கேட்பொறி வழியாகவோ பேசினால் இரு கைகளும் விடுபட்டுவிடுமே என்று பலர் வாதிடுவர். அறிவியல் ஆய்வுகள் இவ்வெண்ணத்தை நெடுங்காலத்துக்கு முன்னரே மறுத்துவிட்டன.

கையடக்கத் தொலைபேசி தோன்றுதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1969இல், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த உளவியலாளர் ஐவன் பிறவுணும் அவர்தம் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இருபத்துநான்கு சாரதிகள் பரிசோதனைப் பாதையொன்றில் வண்டியோட்டினர். வழியில் வைக்கப்பட்டிருந்த இடைவெளிகளுள் வண்டி நுழையத்தக்கவை எவை, நுழைய இயலாதவை எவை என அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அதே வேளையிற் கையிலேந்தாத தொலைபேசி வழியாகக் கேட்கும் சிறு வாக்கியங்கள் மெய்யா பொய்யா என விடையும் கூறவேண்டும். வண்டியைத் திருப்பும் கைத்திறன் பெரிதும் குறையவில்லை. ஆனால் இடைவெளியை மதிப்பிடும் தீர்ப்புத்திறன் குன்றியது. நுழைய முடியாதவற்றுள் நுழைய முற்பட்டனர். பழக்கத்தால் இயல்பாகிவிட்ட செயல்கள் பேச்சினிடையேயும் தொடரும். தீர்மானிக்க வேண்டிய செயல்களே சிதையும். இதனாலேயே பேசியவாறு ஓட்டுபவர் தமது குறையைத் தாமே உணர்வதில்லை. வண்டி நேராகச் செல்வதால், தாம் நன்றாகவே ஓட்டுவதாக அவர் நம்புகின்றார். நாள்தோறும் அவ்வாறு சென்று வீடு சேர்வதால் அந்நம்பிக்கை உறுதிப்படுகின்றது. தீர்மானம் தேவைப்படும் ஒரு கணம் வரும்வரை அது பொய்ப்பதில்லை.

1997இற் கனடாவின் ரொறன்ரோ நகரில் ரெடெல்மெயர், டிப்ஷிரானி ஆகிய இருவர், விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்தனர். விபத்து நேர்ந்த வேளையையும் அதற்கு முந்திய நாட்களின் அதே வேளையையும் அவர்கள் ஒப்பிட்டனர். தொலைபேசியிற் பேசும்போது மோதல் நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது அவர்கள் கண்ட முடிவு. கைக்கு ஓய்வளிக்கும் கருவிகளும் இதனைக் குறைக்கவில்லை. மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், காயமுற்று மருத்துவமனைக்கு வந்த சாரதிகளிடையே நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வும் இதே நான்கு மடங்கையே காட்டியது. ரொறன்ரோ ஆய்வு மற்றொன்றையும் கூறுகின்றது: அச்சாரதிகளுள் நூற்றுக்கு முப்பத்தொன்பதின்மர், மோதலின் பின்னர் அதே தொலைபேசியாலேயே உதவி கோரினர். கருவி நன்மை தீமைகளுக்கு அப்பாற்பட்டது. அது ஒலிக்கும் நேரமே அதன் பயனைத் தீர்மானிக்கின்றது.

அருகில் அமர்ந்திருப்பவருடன் பேசுவதற்கும் தொலைபேசியிற் பேசுவதற்கும் வேறுபாடென்ன என்ற வினா எழலாம். அருகிலிருப்பவர் வீதியைத் தாமும் பார்க்கின்றார். முடக்கு வரும்போது பேச்சை நிறுத்துகின்றார். மாடு குறுக்கிட்டாற் கூவுகின்றார். வண்டில் மாட்டின் கண்களைப்போல் அவருடைய கண்களும் துணையாகின்றன. தொலைவிலிருப்பவரோ வீதியைக் காணார். சாரதி சற்று மௌனித்தால், 'கேட்கின்றதா?' என வினவி அவனது கவனத்தை மேலும் தம்பால் இழுக்கின்றார்.

குறுஞ்செய்தியின் ஆபத்து இதனினும் பெரிது. 2009இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் பாரவண்டிச் சாரதிகளைக் கமரா வழியே அவதானித்தது. செய்தி தட்டியவர்களின் கண்கள், இடர் நேர்வதற்கு முந்திய ஆறு செக்கன்களில் ஏறத்தாழ நான்கரைச் செக்கன் வீதியை விட்டு விலகியிருந்தன. மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் இஃது எழுபத்தைந்து மீற்றர்த் தூரத்தைக் கண்மூடிக் கடத்தற்கு ஒப்பாகும். குடாநாட்டு வீதியொன்றில் அத்தூரத்திற்குள் எத்தனை ஒழுங்கைகள் வந்து சேர்கின்றன என்பதை அங்குப் பயணஞ் செய்பவர் எண்ணிப் பார்ப்பாராக.

சட்டமும் சமூகமும்

உலக நாடுகள் பல இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இதற்கெதிராகச் சட்டமியற்றின. அமெரிக்க மாநிலங்களுள் நியூயோர்க் 2001இலும், பிரித்தானியா 2003 திசம்பரிலும், கையிலேந்திய தொலைபேசியுடன் ஓட்டுதலைத் தடைசெய்தன. இலங்கையின் போக்குவரத்து விதிகள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தை அடித்தளமாகக் கொண்டவை. தொலைபேசி வீட்டு மேசையில் மட்டும் இருந்த காலத்துச் சட்டம் அது. பின்வந்த திருத்தங்களாலும் ஒழுங்குவிதிகளாலும், ஓட்டும்போது கைத்தொலைபேசியைப் பயன்படுத்துதல் தண்டத்துக்குரிய குற்றமாயிற்று. ஆயினும் சட்டத்தின் கண் பொலிஸார் நிற்கும் சந்திவரைதான் செல்லும். சந்திக்கு முன்னர்த் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் இடுபவர், சந்தி கடந்ததும் அதனை மீண்டும் எடுக்கின்றார். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர் வீதிகளில் மாள்வதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கின்றது. இலங்கையில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு இறக்கின்றனர். தண்டப்பணம் ஒன்றே இதற்குப் பரிகாரமாகாது என்பது தெளிவு.

யாழ்ப்பாணச் சமூகத்தைப் பொறுத்தவரை, இரு மனப்பாங்குகள் சிறப்பாக ஆராயப்பட வேண்டியவை. ஒன்று, மேலே கூறிய காத்திருப்பின் தொடர்ச்சி. ரொறன்ரோவில் இரவாயிருக்கும்போது யாழ்ப்பாணத்திற் பகல். வேலை முடித்துப் படுக்கைக்குச் செல்லுமுன் மகன் தாயை அழைக்கும் நேரம், இங்கு ஒருவர் மோட்டார் சைக்கிளில் அலுவலகம் செல்லும் நேரமாயிருத்தல் கூடும். விடையளிக்காவிடின் மறுமுனையில் இருப்பவர் பதறுவார். போர்க்காலத்தில் விடையின்மை என்பது பெரும்பாலும் தீய செய்தியாகவே முடிந்தது. அப்பதற்றம் இன்னும் ஆறவில்லை. எனவே இங்குத் தொலைபேசியை எடுப்பவரெல்லாம் பொறுப்பற்றவர் எனக் கடிந்துரைப்பது வரலாற்றை அறியாத பேச்சாகும். அன்பே ஆபத்தாக மாறும் நிலை இது. ஆகவே திருத்தமும் அன்பின் வழியே தொடங்குதல் வேண்டும். அழைப்பவர் கேட்கவேண்டிய முதல் வினா 'சுகமா?' என்பதன்று, 'வாகனம் ஓட்டுகின்றாயா?' என்பதே. 'ஆம்' என்ற விடை வருமாயின் அழைப்பைத் துண்டித்தலே பாசமாகும். விடையின்மை இனித் தீய செய்தியன்று, மறுமுனையிலுள்ளவர் பாதுகாப்பாக ஓட்டுகின்றார் என்பதன் அடையாளம் எனச் சமூகம் பழகவேண்டும்.

மற்றையது, விதி என்னும் எண்ணம். வீதியில் ஒருவர் இறந்தாற் 'காலம் சரியில்லை' எனக் கூறி அமைதி கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. துயருற்றோர்க்கு அச்சொல் ஆறுதலாகலாம். சமூகத்துக்கு அது கேடு விளைவிக்கும். தற்செயல் எனப் பொருள்படும் சொற்களே பொறுப்பை மறைத்துவிடுகின்றன என்பதை உணர்ந்து, பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை 2001இல் விபத்து என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தன் பக்கங்களில் தவிர்க்கும் முடிவை அறிவித்தது. பெரும்பாலான காயங்களும் அவற்றுக்குக் காரணமான நிகழ்வுகளும் முன்கூட்டி அறியத்தக்கவை, தவிர்க்கத்தக்கவை என்பது அதன் வாதம். இக்கருத்து தமிழ் மரபுக்குப் புதியதன்று. மனுநீதிச் சோழனின் அமைச்சரும், நேர்ந்தது அறியாமல் நேர்ந்தது, கழுவாய் செய்து கடந்துவிடலாம் என்றே கருதினர். மன்னன் அதனை ஏற்கவில்லை. கன்றின் விதி என்று கூறி அவன் தன் மகனை மீட்கவில்லை.

வீதி ஒழுங்கு என்பது பொலிஸாரின் அலுவல் மாத்திரமன்று. பாடசாலைகளும், சனசமூக நிலையங்களும், பல்கலைக்கழகங்களும் பங்கேற்க வேண்டிய பண்பாட்டு முயற்சியாகும். மதுவருந்தி ஓட்டுபவனைச் சமூகம் இன்று இழிவாக நோக்குகின்றது. தொலைபேசியிற் பேசியவாறு ஓட்டுபவனை அவ்வாறு நோக்கவில்லை. ஆய்வுகள் இருவருக்குமிடையே பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. இந்நோக்கு மாறுமாயிற் சட்டத்தின் வேலை எளிதாகும்.

போரில் இத்தனை பேரைப் பறிகொடுத்த நிலம், அமைதி வந்தபின் கிடைத்த வீதியிலும் தன் இளையோரை இழத்தல் பொறுக்கற்பாலதன்று. அன்றைய இழப்புக்களைத் தடுக்கும் ஆற்றல் சாதாரண மக்களின் கையில் இருக்கவில்லை. இன்றைய இழப்பைத் தடுக்கும் ஆற்றலோ ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் உள்ளது. எல்லாளனின் தலைமாட்டில் ஒலித்த மணி, காணாமற் செலுத்திய சக்கரத்துக்குக் கணக்குக் கேட்டது. சட்டைப்பைக்குள் ஒலிக்கும் மணிக்கு விடையளிக்குமுன் வண்டியை ஓரமாக நிறுத்துபவர், அந்தப் பழைய மணி மீண்டும் ஒலிக்க வேண்டிய தேவையை இல்லாமற் செய்கின்றார்.